பதினேழு இஞ்ச் ரிம்மும் சரோஜா டீச்சரும்

ரிம்மின் விளிம்பில் ஒட்டுவதற்கு ரப்பர் நாடா வந்திருக்கிறதாம். நான் வேலை பார்த்த டயர் கடையில் இருந்து பழனி போன் செய்து சொன்னார். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று எல்லா நிறத்திலும் இருக்கிறது. இதை ஒட்டிவிட்டால் பிளாட்பாரக் கல்லில் உரசினாலும் ரிம்முக்கு ஒன்றும் ஆகாது என்று கம்பெனி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனாராம். "நீங்க என்னண்ணே நெனைக்கிறீங்க?" என்று கேட்டார்.

நான் நினைப்பதை எல்லாம் போனில் சொல்ல ஆரம்பித்தால் பழனி அன்றைக்கு வேலை பார்த்த மாதிரிதான். "ரிம்மைச் சுத்தி ரப்பர் இருக்கணும்னுதானேய்யா டயரையே மாட்டுறோம்? அந்த ரப்பரக் கொறைச்சுப்புட்டு, அதுக்கு மேல இன்னொரு ரப்பர வாங்கி ஒட்டுறீங்களா?" என்று மட்டும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இதையே எழுதிக் குடுங்கண்ணே, புதுசா வந்திருக்க ஆளுங்க படிக்கட்டும்" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கோ ஓய்வு பெற்ற பிறகு காலையில் காபி, அப்புறம் பேப்பர், அப்புறம் வீட்டில் திட்டு என்று போய்க்கொண்டிருக்கிறது. எழுதினால் என்ன என்று தோன்றியது.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம் எனக்கு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். பள்ளிக்கூடத்தை விட்டதும் மன்னார்குடியில் ஒரு பஞ்சர் கடையில் சேர்ந்தேன். நெல் மூட்டை ஏற்றும், டயர் போட்ட மாட்டு வண்டிகள்தான் அங்கே அதிகம் வரும். பிறகு லாரி டயர், டிராக்டர் டயர், அதற்குப் பிறகு தஞ்சாவூர். கல்யாணமும் இரண்டு பெண் குழந்தைகளும் நடுவில் வந்தன. முதுகுவலியும் நடுவில்தான் வந்தது, அது மட்டும் இன்னும் கட்டிக்கொடுத்து அனுப்ப முடியாமல் என்னோடேயே இருக்கிறது.

தஞ்சாவூர்க் கடையில் எனக்கு மேலே இருந்தவர் மரியசூசை சார். முதலாளி வேறு ஒருவர். அவர் காலையில் வந்து ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போய்விடுவார். கடை மரியசூசை சார் கையில்தான். பஸ் டெப்போவில் டயர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. காதில் ஒரு சாக்பீஸ் துண்டு, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. சந்தோஷமாக இருந்தால் "வாடா போடா" என்பார். கோபம் வந்தால் மரியாதை ஏறும். நட்டுகளைக் கோணல்மாணலாக முடுக்கிவிட்டால், மெதுவாகப் பக்கத்தில் வந்து, "ஐயா, நீங்க எந்த ஊர்ல தொழில் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்பார். அந்த "ஐயா" வந்துவிட்டால் கடையில் எல்லோரும் ஆளுக்கொரு டயரை உருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். என்னை அவர் "டேய் செல்வராசு" என்று கூப்பிடும் நாளெல்லாம் எனக்கு நல்ல நாள்.

வாடிக்கையாளர் வந்து, "என் வண்டிக்குப் பெரிய அலாய் வீல் போடணும், என்ன சைஸ் போடலாம்?" என்று கேட்டால், சார் பதில் சொல்லமாட்டார். "வண்டிய எங்க நிறுத்துவீங்க?" என்று கேட்பார். வீடு எந்தத் தெரு, தெரு முனையில் என்ன இருக்கிறது, வேலைக்குப் போகும் இடத்தில் பிளாட்பாரம் எவ்வளவு உயரம், மாமனார் வீடு எங்கே, எல்லாவற்றையும் கேட்பார். ஒருத்தர் கடுப்பாகி, "டயர் வாங்க வந்தேனா, பொண்ணு கேட்டு வந்தேனா?" என்று என்னிடம் புலம்பினார். அப்படித்தான் கேட்பார். சில சமயம் நேரில் போயே பார்த்துவிட்டு வருவார்.

டயர் சைஸ் எண்கள் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டயரின் பக்கத்தில் 165/80 R14 என்று எழுதியிருந்தால், முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் ரப்பரின் உயரம் என்பது. கடைசி எண், நடுவில் இருக்கும் ரிம் எத்தனை இஞ்ச் என்பது. சக்கரத்தின் மொத்த உயரத்தை மாற்றக் கூடாது. மாற்றினால் ஸ்பீடோமீட்டர் தப்புக் காட்டும், திரும்பும்போது உள்ளே உரசும். அதனால் ரிம்மைப் பெரிதாக்கினால் ரப்பரைக் குறைத்தே ஆக வேண்டும். அந்தப் பதினாலு இஞ்ச் சக்கரத்தில் ரப்பர் பதிமூன்று சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அதே வண்டிக்குப் பதினேழு இஞ்ச் போட்டால் 205/45 டயர் மாட்ட வேண்டிவரும். ரப்பர் ஒன்பது சென்டிமீட்டருக்கு வந்துவிடும். பார்க்க ஜம்மென்று இருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பிளாட்பாரக் கல் பக்கவாட்டில் அல்லவா வந்து உரசுகிறது? அங்கே உயரத்தைவிட ரிம்மின் அகலம்தான் வேலை பார்க்கும். குறுகலான ரிம்மில் டயர் தொப்பை போட்டு வெளியே பிதுங்கி நிற்கும். அகலமான ரிம்மில் டயர் விறைத்துக்கொண்டு நேராக நிற்கும், ரிம் வெளியே எட்டிப் பார்க்கும். இதைக் காட்ட சாரிடம் ஒரு மூங்கில் பிளாச்சு இருந்தது. நேராகச் சீவி, எண்ணெய் தடவி, சுவரில் மாட்டி வைத்திருப்பார். அதைச் சக்கரத்தின் பக்கவாட்டில் செங்குத்தாகப் பிடிப்பார். பிளாச்சு முதலில் ரப்பரில் பட்டால் அந்தச் சக்கரம் கல்லுக்குப் பக்கத்தில் போகலாம். ரிம்மில் பட்டால் போகக் கூடாது. அந்தப் பிளாச்சைத் துணி காயப்போட எடுத்த வாட்ச்மேனுக்கு ஒரு வாரம் "ஐயா" கிடைத்தது.

மன்னார்குடியில் ஒரு துணிக்கடைக்காரர் இருந்தார். பெரிய அலாய் வீல் போட்ட வண்டி. பின்பக்கத்து இடது ரிம் மட்டும் திரும்பத் திரும்ப அடிபடும். நாங்கள் சரிசெய்து அனுப்புவோம், கொஞ்ச நாளில் அதே இடத்தில் அடிபட்டு வருவார். சாரும் நானும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். எங்கள் பக்கத்து ஊர்களில் தெரு முனை வீட்டுக்காரர்கள் சுவரோரம் ஒரு கல்லை நட்டு வைப்பார்கள். திரும்புகிற வண்டி சுவரை இடிக்கக் கூடாது என்பதற்காக. பழைய ஆட்டுக்கல், உடைந்த உரல், எது கிடைக்கிறதோ அது. துணிக்கடைக்காரர் தெரு முனையிலும் ஓர் ஆட்டுக்கல் நின்றது. அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூவும் சாத்தியிருந்தார்கள்.

அந்த வீட்டு அம்மா சொன்னார்: "எங்க மாமியாரு மாவு அரைச்ச கல்லுதாங்க. யாரோ ஒரு ஆடி வெள்ளிக்கு மஞ்சள் பூசிட்டுப் போயிட்டாங்க. மறு வாரம் இன்னொருத்தவங்க வெளக்கு வச்சாங்க. இப்ப எடுங்கன்னா நான் எப்படிங்க எடுக்குறது?"

துணிக்கடைக்காரரை வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னோம். முனைக்கு வந்தார். திரும்பினார். திரும்பும்போதே ஒரு கையை ஸ்டீயரிங்கில் இருந்து எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கர்ரென்று பின் சக்கரம் கல்லில் ஏறி இறங்கியது. சார் என்னைப் பார்த்தார், நான் சாரைப் பார்த்தேன். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஐயா, நீங்க சாமி கும்பிடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே வண்டிய நிறுத்திக்குங்க. ரெண்டு கையாலயும் நல்லாக் கும்பிடுங்க. ரிம்ம நாங்க ரெண்டு சைஸ் கொறைச்சுத் தர்றோம்" என்றார். அதற்குப் பிறகு அந்த வண்டி ரிம் வேலைக்கு எங்களிடம் வரவில்லை.

இனி சரோஜா டீச்சர். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்தது.

ஒரு நாள் காலை ஒரு சின்னக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்த பையனுக்கு முப்பது வயது இருக்கும், பெயர் கார்த்தி. பக்கத்தில் இருந்து இறங்கியவர் அவருடைய அம்மா, சரோஜா டீச்சர். திருக்காட்டுப்பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி அவருடையதுதான். இடது பக்கத்துப் பதினேழு இஞ்ச் அலாய் வீல்கள் இரண்டும் பார்க்கச் சகிக்கவில்லை.

"அண்ணே, இந்த ரிம்ம பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி ஆக்க முடியுமா?" என்று கார்த்தி கேட்டார்.

"ஓட்டுறதுக்கா தம்பி, விக்கிறதுக்கா?" என்றேன். பாலிஷ் என்று யாராவது கேட்டால் நாங்கள் வழக்கமாகக் கேட்பதுதான்.

"விக்கிறதுக்குத்தான்."

டீச்சர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கார்த்தி சொன்னதில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. அவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். அப்பா நடராசன் சாருக்கு இரண்டு வருடம் முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் பலவீனமாகிவிட்டது. வாரத்தில் சில நாள் டீச்சர்தான் அவரைக் காரில் வைத்துத் தஞ்சாவூருக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டி வருகிறார். அன்றைக்குக் கார்த்தி சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்து இறங்கி, நேராகச் சிகிச்சை நடக்கும் இடத்துக்கே போயிருக்கிறார். அப்பா உள்ளே போய்விட்டார். வெளியே நின்ற காரின் ரிம்களைப் பார்த்ததும் மகனுக்குப் பகீர் என்றாகிவிட்டது.

"போன தீபாவளிக்கு நான்தான் ஆசையா இந்த வீல மாட்டி விட்டேன். அதுக்கு முன்னாடி வண்டியில ஒரு கீறல் கெடையாதுண்ணே. இப்பப் பாருங்க. அம்மாவுக்கு வயசாவுது, தூரம் தெரிய மாட்டேங்குது. இன்னைக்குக் கல்லுல உரசுறாங்க, நாளைக்கு ஒரு ஆளு மேல உரசுனா? அதான் வண்டிய வித்துட்டு ரெண்டு பேரையும் எங்கூடயே கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கேன்."

"நான் நல்லாத்தான்டா ஓட்டுறேன்" என்றார் டீச்சர். ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

பஸ் படி ஏற முடியாத மனிதருக்குக் கார் போனால் சிகிச்சை போயிற்று. சிகிச்சைக்காகப் பெங்களூர் போனால் திருக்காட்டுப்பள்ளி வீட்டைப் பூட்ட வேண்டியதுதான். அந்த ரிம் கீறலில் ஒரு வீடே தொங்கிக்கொண்டிருந்தது.

மரியசூசை சார் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, கட்டை விரலை ரிம்மின் விளிம்பில் ஒரு சுற்று ஓட்டினார். பின் சக்கரத்திலும் அதே மாதிரி ஓட்டினார். வலது பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே ஒரு கீறல் கூட இல்லை. என்னைக் கூப்பிட்டு, "டேய், இங்க பாரு. தெரியாம இடிச்சா ஒரு எடத்துல பள்ளம் விழும். இது சுத்து முழுக்க ஒரே அளவா தேஞ்சிருக்கு. யாரோ மெதுவா, வேணும்னே கொண்டுபோயி ஒட்டுறாங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அப்புறம் எழுந்து, "டீச்சர், வண்டிய எங்க நிறுத்துவீங்க?" என்றார்.

"வீட்டு வாசல்ல. பிசியோதெரபி பண்ற எடத்துல. வேற எங்கயும் போறதில்லையே."

சார் அதற்கு மேல் கேட்கவில்லை. கார்த்திக்கு ஆபீஸில் இருந்து மீட்டிங் அழைப்பு வந்தது. லேப்டாப்பைத் திறந்துகொண்டு கண்ணாடி ரூமுக்குள் போனார். "டேய் செல்வராசு, டீச்சரோட போயி அவங்க சாரக் கூட்டிட்டு வா. நிறுத்துற எடத்தப் பாத்துட்டு வா" என்று சார் சொன்னார்.

டீச்சர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். ஷேர் ஆட்டோ குறுக்கே வெட்டியபோதும் பதறவில்லை, பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசலிலும் பதறவில்லை. பார்வையில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. சிகிச்சை நடக்கும் கட்டடத்தின் முன்னால் சிமெண்ட் கல் பதித்த பிளாட்பாரம் இருந்தது. டீச்சர் வேகத்தைக் குறைத்தார். எறும்பு ஊர்கிற மாதிரி கல்லை நெருங்கினார். கர்ர்ரென்று சத்தம் வந்தது. எனக்குப் பல் கூசியது. உடனே வண்டியை நிறுத்தினார்.

"ரிம் உரசிடுச்சே டீச்சர்."

"தெரியும். சத்தம் வந்தாத்தான் நிறுத்துவேன்" என்றார், கணக்கில் விடை சரி என்று சொல்கிற குரலில்.

நடராசன் சார் சிகிச்சை கொடுக்கும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். முதுகைக் காட்டித் திரும்பி, முன் சீட்டில் உட்கார்ந்தார். டீச்சர் அவருடைய இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஏறுறதுகூடப் பரவாயில்ல. எறங்குறதுதான் கஷ்டம். எடது காலத்தான் மொதல்ல வெளிய வைக்கணும். அந்தப் பாதம் தொங்கிடுது. வண்டிக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு சாண் எடம் இருந்தா அதுக்குள்ள போயிடும். ரெண்டு தடவ விழுந்துட்டாரு. அதுல இருந்து நான் எடமே விடுறதில்ல."

"வரப்ப ஒட்டிக் கொண்டாந்து நிறுத்திடுவா" என்றார் நடராசன் சார். வேளாண்மைத் துறையில் இருந்தவர். அவருக்குப் பிளாட்பாரமும் வரப்புதான். "நான் அப்படியே காலத் தேய்ச்சு வரப்பு மேல வச்சுடுவேன்."

பழைய சக்கரத்தில் எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அதில் சத்தமே வராதாம். ரப்பர் கல்லில் பட்டதும் ஸ்டீயரிங் கையில் லேசாகத் தட்டுமாம், நிறுத்திவிடுவாராம். புதுச் சக்கரத்தில் அந்தத் தட்டல் வருவதற்குள் ரிம் பட்டுவிடுகிறது. இரண்டு வருடமாக வரும்போதெல்லாம் அந்த அம்மா செய்த வேலை இது. எங்கள் கடையில் வேலைக்கு வந்தவர்கள் ஒருவராலும் இதைச் செய்ய முடியாது.

"இத தம்பிகிட்ட சொல்லிடலாமே டீச்சர்? வீல மாத்திட்டா முடிஞ்சிருமே" என்றேன்.

டீச்சர் சாவியைத் திருகப் போனவர் கையை எடுத்துவிட்டார். "எதச் சொல்றது? எனக்கு ஓட்டத் தெரியலன்னு நெனச்சா வண்டிய விப்பான். அப்பா காலு இன்னும் இப்படித்தான் இருக்குன்னு தெரிஞ்சா இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவான். அவன் வர்ற நாள்ல எல்லாம் இங்க வராம, வீட்டுலயே அவர உக்கார வச்சுடுவேன். இன்னைக்குச் சொல்லாம வந்துட்டான்."

"போன்ல நல்லா நடக்குறேன்னு அளந்து வச்சிருக்கேன்" என்று நடராசன் சார் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது. "தம்பி, எனக்கு அங்க ஒரு கொறையும் இருக்காது. மருமக தங்கமான புள்ள. ஆனா இங்க காலையில நாலு பேரு பயிரக் கையில புடுங்கிக்கிட்டு வர்றாங்க, 'சார், எல மஞ்சளாவுது, என்ன அடிக்கலாம்'னு. அவங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தாத்தான் எனக்கு உசுரோட இருக்க மாதிரி இருக்கு. மாடியில உக்காந்து நான் யாருக்குச் சொல்றது?"

டீச்சர் சாவியைத் திருகினார்.

கடைக்குத் திரும்பியதும் மரியசூசை சாரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டே கேட்டார். "ரிம்மு வெவகாரம் நம்மளது. காலு வெவகாரம் அவங்க வீட்டோடது. நாம நம்மளத மட்டும் பேசுவோம்" என்றார்.

கார்த்தி வெளியே வந்தார். கார் கடைக்கு நடுவில், பக்கத்தில் கல் எதுவும் இல்லாத இடத்தில் நின்றது. நடராசன் சார் முன் சீட்டிலேயே இருந்தார். மரியசூசை சார் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுக்கச் சொன்னார். வண்டியோடு வந்த பழைய பதினாலு இஞ்ச் இரும்பு ரிம் அது. அதை அலாய் வீலுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். பிளாச்சு வந்தது. ஸ்டெப்னியில் வைத்தார். தொப்பை போட்ட ரப்பரில் பட்டு நின்றது, ரிம் உள்ளே இருந்தது. காரில் இருந்த பதினேழு இஞ்ச் சக்கரத்தில் வைத்தார். டக்கென்று ரிம்மில் பட்டது.

"பாத்தியா தம்பி. இது கல்லத் தொட்டா ரப்பர் தொடும். அது தொட்டா ரிம்மு தொடும்."

கார்த்தி குனிந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது. "அப்ப நான் மாட்டுனதுதான் தப்பா சார்?"

"தப்பில்ல. நல்ல வீலு, நல்லா வாங்கிருக்க. ஒங்கம்மா நிறுத்துற எடத்துக்கு ஒத்துவரல."

நான் பதினைந்து இஞ்ச் போடலாமே, பார்க்கவும் கொஞ்சம் நன்றாக இருக்குமே என்று இடையில் சொன்னேன். "அந்த ரிம்மு அகலம், டயர விறைப்பா இழுத்துப் புடிச்சிடும். தொப்பை வேணும்டா" என்று சார் அடக்கிவிட்டார்.

கார்த்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க கூடப் போனீங்கல்ல. உண்மையச் சொல்லுங்க. அம்மா எப்படி ஓட்டுறாங்க?"

"தம்பி, இத்தன வருஷம் சக்கரத்தோடயே கெடந்திருக்கேன். கல்லுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு விரக்கடை எடம் விடாம கொண்டுபோயி நிறுத்துற ஆள நான் இன்னைக்குத்தான் பாத்தேன்" என்றேன்.

"அவ்ளோ ஒட்டி எதுக்கு நிறுத்தணும்?"

டீச்சர் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை, உண்மையைச் சொல்வது என் வேலையும் இல்லை. மரியசூசை சார் பிளாச்சைத் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

காருக்குள் இருந்து குரல் வந்தது. "கார்த்தி. கதவத் தொற. நான் எறங்கணும்."

"என்னங்க, பேசாம இருங்க" என்று டீச்சர் ஓடினார்.

"இல்ல சரோஜா. அவன் பாக்கட்டும்."

கார்த்தி கதவைத் திறந்தார். நடராசன் சார் இடது காலை வெளியே தள்ளினார். பாதம் தொங்கியது. தரை கீழே எங்கேயோ இருந்தது. பெருவிரல் தரையில் மடங்க, உடம்பு முன்னால் சாய்ந்தது. கார்த்தி பாய்ந்து இரண்டு கையையும் அப்பாவின் அக்குளில் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். சார் மகனின் தோளில் முகத்தை வைத்தபடி, "இதுக்குத்தான்டா ஒட்டி நிறுத்துறா" என்றார்.

"எவ்ளோ நாளாப்பா?"

"ரெண்டு வருஷமா. ஒங்கம்மா என்னைய இப்ப விழ விடுறதில்ல."

"எங்கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

"சொன்னா கூட்டிட்டுப் போயிடுவே."

கார்த்தி அப்பாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு அங்கேயே அடுக்கியிருந்த டயர் மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் போய் அவர் தலையில் கையை வைத்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கம்ப்ரசரை ஓட விட்டேன், சத்தத்தில் யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள் என்று.

கொஞ்ச நேரம் கழித்து மரியசூசை சார், "தம்பி, என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். "நாலையும் மாத்துங்க சார்" என்றார் கார்த்தி. விற்பதற்கா, ஓட்டுவதற்கா என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. டீச்சரும் கேட்கவில்லை. மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையில் அதே அளவில் இரும்பு ரிம்களும் டயர்களும் இருந்தன. வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளை ஒரு திருப்புத் தளர்த்திவிட்டு, ஜாக்கி போட்டுத் தூக்கி, அலாய் வீல்களைக் கழற்றினோம். ஒவ்வொரு சக்கரத்தையும் பேலன்சிங் பார்த்து மாட்டினோம். நட்டுகளை எதிரும் புதிருமாக முடுக்கினேன். சார் ஒவ்வொன்றையும் தானே ஒரு தடவை முடுக்கிப் பார்த்தார். காற்றை அளந்து பிடித்தார். காற்று குறைந்தால் ரப்பர் நசுங்கி ரிம் கல்லுக்கு எட்டிவிடும், அதனால் மாதம் தவறாமல் பார்க்க வேண்டும் என்று டீச்சரிடம் சொன்னார். இறக்கியதும் பிளாச்சை நான்கு சக்கரத்திலும் வைத்துப் பார்த்தார். நான்கிலும் ரப்பரில் பட்டது.

எங்கள் கடை வாசலில் சாக்கடையை மூடிய சிமெண்ட் மேடை ஒன்று உண்டு. ஏறக்குறைய பிளாட்பார உயரம் இருக்கும். டீச்சர் சுற்றி வந்து வண்டியை அதை ஒட்டி நிறுத்தினார். சத்தம் வரவில்லை. நான் குனிந்து பார்த்தேன். ரப்பர் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது, ரிம் பத்திரமாக உள்ளே இருந்தது. நடராசன் சார் கார்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையில் நடந்து வந்து வண்டியில் ஏறி, உடனே இறங்கிக் காட்டினார். இடது பாதத்தை வண்டியில் இருந்து அப்படியே இழுத்து மேடையில் வைத்தார். வைத்துவிட்டு மகனைப் பார்த்தார். மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நான் ஓட்டுறேன்ம்மா" என்றார் கார்த்தி.

அவர் உட்கார்ந்து ஒரு சுற்று ரோட்டில் போய் வந்தார். மேடை ஓரமாக நிறுத்தினார். ஒரு முழம் தள்ளி நின்றது. மறுபடி பின்னால் போய் வந்தார். இந்தத் தடவை ஒன்றரைச் சாண். மூன்றாவது தடவை முன் சக்கரம் ஒட்டியது, பின் சக்கரம் ரோட்டில் நின்றது. பக்கத்து சீட்டில் அப்பா ஜன்னல் வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியசூசை சார் சாக்பீஸைக் காதில் இருந்து எடுத்து மறுபடி காதிலேயே வைத்தார்.

கார்த்தி கண்ணாடியை இறக்கினார். "அம்மா, எனக்கு வரமாட்டேங்குது. இங்க வந்து சொல்லிக் குடு. நான் ஊருக்கு வர்றப்பல்லாம் நான்தானே அப்பாவக் கூட்டிட்டு வரணும்."

டீச்சர் ஓட்டுகிற பக்கத்துக் கதவருகே போய்க் குனிந்து, "மொதல்ல அந்த ஷூவக் கழட்டுடா. வெறுங்கால்ல மிதிச்சாத்தான் அவ்ளோ மெதுவாப் போவ முடியும்" என்றார்.